துணி வந்தது, தைப்பது யார்?

ஆண்டுதோறும் பாடசாலை தொடங்குங் காலத்தில் நம் பிள்ளைகளின் கையில் அரசாங்கம் ஒரு துணிப் பொதியைக் கொடுக்கிறது. 1993 ஆம் ஆண்டு தொடங்கிய இலவசச் சீருடைத் திட்டம் அது. இடையிலே சில ஆண்டுகள் துணிக்குப் பதிலாகப் பணச்சீட்டு வழங்கினார்கள். பின்னர் மீண்டும் துணியே வந்தது. 2022 ஆம் ஆண்டு நாடு வாங்கிய கடனைக் கட்ட வகையற்றுத் திகைத்து நின்ற பின், அந்தத் துணியையும் சீன தேசத்தின் நன்கொடையாகப் பெறவேண்டிய நிலை உண்டாயிற்று. 2023 இல் தேவையின் ஏறத்தாழ 70 சதவீதமும், 2025 இல் முழுத் தேவையும் அங்கிருந்தே வந்தன. கொடுத்தவர்க்கு நன்றி சொல்வோம். நன்றி சொன்ன அதே வாயினால் ஒரு கேள்வியையும் கேட்போம்: துணி வந்துவிட்டது; அதைத் தைப்பது யார்?

இதனை அற்பக் கேள்வி என்று எவரும் ஒதுக்கிவிட வேண்டாம். தலைமன்னாரிலும் பேசாலையிலும் கடலை நம்பி வாழும் குடும்பத்துக்கும், நானாட்டானிலும் முருங்கனிலும் கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி நெல் விதைக்கும் கமக்காரனுக்கும் இது வீட்டுக் கணக்கிலே விழுகின்ற செலவு. துணி இலவசம், தையற்கூலி இலவசமன்று. ஒரு சீருடைக்கு ஆயிரம் ரூபா என்று ஒரு கணக்குக்காக வைத்துக்கொள்வோம். மூன்று பிள்ளைகள், ஆளுக்கு இரண்டு உடை என்றால் ஆறாயிரம் ரூபா. நூறு வீடுள்ள கிராமத்தில் ஆறு இலட்சம் ரூபா. கொப்பி, சப்பாத்து, புத்தகப்பை என்ற செலவுகள் எல்லாம் ஒரே மாதத்தில் வாசலில் வந்து நிற்கும்போது, இந்தப் பணத்தை அடகுக் கடையிலோ கடன்காரனிடத்திலோ தேடும் தாய்மார் எத்தனை பேர்!

கடன் என்ற சொல்லை நாம் வேண்டுமென்றே எழுதுகிறோம். போர் முடிந்த பின் வட மாகாணக் கிராமங்களில் நுண்கடன் நிறுவனங்கள் வாரத் தவணையோடு வீடுவீடாக நுழைந்தன. ஒரு கடனை அடைக்க மறு கடன், அதை அடைக்க வேறொரு கடன் என்று பெண்கள் பட்ட பாடு நாடறிந்தது. 2018 இல் வறட்சி தாக்கிய மாவட்டங்களில் ஓர் இலட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களுக்கு நிவாரணம் அறிவிக்கவேண்டிய அளவுக்கு அந்தத் துயரம் முற்றியது. அந்தக் கடன்கள் எல்லாம் பெருந்தொழில் தொடங்க வாங்கியவையல்ல. திருவிழாவுக்கு உடுப்பு, பிள்ளைக்குப் பாடசாலைச் செலவு, மருந்து என்று சிறுகச் சிறுகச் சேர்ந்த சுமையும் அவற்றில் உண்டு. வீட்டிலிருந்து வெளியே போகும் ஒவ்வொரு ரூபாவையும் தடுக்கும் கை, வீட்டைக் காக்கும் கை. ஊசி பிடித்த கை அத்தகைய கை என்பதே எமது துணிபு.

மன்னார் மக்களுக்கு இதை நாம் புதிதாகக் கற்பிக்க வேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள், மன்னார்த் தீவையும் முசலியையும் விட்டுப் புத்தளம் மண்ணிலே கிடுகுக் கொட்டில்களில் வாழ்ந்தன. 2007 க்குப் பின் மாந்தை மேற்கின் தமிழ்க் குடும்பங்கள் ஊர் ஊராகக் கிழக்கு நோக்கி ஓடி, எஞ்சியவர்கள் 2009 இல் மெனிக் பாம் முகாமின் கம்பிகளுக்குள்ளே அடைபட்டார்கள். வீடு போயிற்று, வள்ளம் போயிற்று, மாடு போயிற்று, உறுதி எழுதிய பத்திரமும் போயிற்று. ஆனால் கற்ற கைத்தொழிலை எந்தச் சோதனைச் சாவடியிலும் எவரும் பறிக்க முடியவில்லை. பழைய சேலையை இரண்டாக்கி ஏணை கட்டியும், கிழிந்த சாரத்தைப் பிள்ளைக்குக் காற்சட்டையாக்கியும் மானத்தைக் காத்தவர்கள் நம் தாய்மார். கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது அவர்களுக்கு ஏட்டிலே படித்த பழமொழியன்று. வாழ்ந்து காட்டிய நெறி.

அப்படியானால் இன்று குறை எங்கே இருக்கிறது? போருக்குப் பின் அரசத் திணைக்களங்களும் தொண்டு நிறுவனங்களும் தையல் இயந்திரங்களை வழங்கவில்லையா என்று சிலர் கேட்பர். வழங்கினார்கள், மறுக்கவில்லை. மேடை போட்டார்கள், மாலை சூட்டினார்கள், படம் பிடித்தார்கள். மேடை கலைந்த பின் என்ன ஆயிற்று? பல வீடுகளில் அந்த இயந்திரம் ஒரு துணி போர்த்தி மூலையிலே இருக்கிறது. தையல் இயந்திரம் நம் நாட்டுக்குப் புதிய பொருளன்று. சிங்கர் கொம்பனி இலங்கைக்கு வந்தது 1877 இல். இயந்திரம் வந்து ஒன்றரை நூற்றாண்டு ஆகப்போகிறது. இன்னமும் இயந்திரம் கொடுப்பதையே திட்டம் என்று சொல்லிக்கொண்டிருப்பது நகைப்புக்கிடமானது.

இயந்திரத்தோடு மூன்று பொருள்கள் சேர்ந்து வரவேண்டும். முதலாவது, வெட்டும் கலை. இரண்டாவது, நிலையான வேலை. மூன்றாவது, கூட்டுச் சேர்ந்த பலம். இம்மூன்றும் இல்லாத இயந்திரம், காளையில்லாத வண்டி.

வெட்டும் கலையை எடுத்துக்கொள்வோம். தையல் தெரியும் என்போரில் பலருக்கு மூட்டத் தெரியும், வெட்டத் தெரியாது. அளவெடுத்து, துணியை விரித்து, வீணாகாதபடி கத்தரி போடுவதே இத்தொழிலின் மூளை. இந்த மூளையை ஆடைத் தொழிற்சாலை கற்பிப்பதில்லை. இலங்கையின் ஏற்றுமதி வருமானத்தில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கைத் தேடித் தருவது ஆடைத் தொழில். அதன் வரிசையிலே அமர்ந்த பெண், ஒரு நாள் முழுதும் கழுத்துப் பட்டியையோ சட்டைப் பையையோ மட்டும் தைக்கிறாள். பத்து ஆண்டு உழைத்து வீடு திரும்பினாலும் தன் பிள்ளைக்கு ஒரு முழுச் சட்டை வெட்டத் தெரியாதவளாகவே அவள் திரும்பக்கூடும். அந்த வேலையை நாம் இகழவில்லை. அது பல வீடுகளில் அடுப்பெரிக்கிறது. ஆனால் அதன் ஆயுள் யார் கையில் இருக்கிறது? 2025 ஏப்ரலில் அமெரிக்க ஜனாதிபதி இலங்கைப் பொருள்களுக்கு 44 சதவீதத் தீர்வை என்று அறிவித்தபோது நாடே நடுங்கிற்று. ஓகஸ்டில் அது 20 சதவீதம் என்று குறைக்கப்பட்டது. வாஷிங்டனில் ஒருவர் இடும் கையொப்பத்தில் நம் பெண்ணின் சம்பளம் தொங்குகிறது! வெட்டவும் தெரிந்தவளுக்கு, தொழிற்சாலை மூடினாலும் தொழில் மூடுவதில்லை.

வெட்டத் தெரிந்த வீட்டின் சிக்கனத்தைப் பாருங்கள். சிறுமியின் சட்டைக்குக் கீழ்க்கரையில் இரண்டு அங்குலம் கூடுதலாக மடித்துத் தைத்தால், அடுத்த ஆண்டு அதைப் பிரித்து நீளமாக்கலாம். பக்க மூட்டில் அரை அங்குலம் விட்டால் அகலமாக்கலாம். கடையிலே தொங்கும் ஆயத்த உடையில் அந்த மடிப்பு இல்லை. ஏனெனில் அடுத்த ஆண்டும் நீங்கள் வரவேண்டும் என்பதே கடைக்காரன் கணக்கு. அண்ணனின் சட்டை தம்பிக்கும், எஞ்சிய துண்டு தலையணை உறைக்கும், அதிலும் எஞ்சியது கைப்பைக்கும் ஆகும். முதல் நற்கருணைக்கு வெள்ளை உடுப்பு, நோன்புப் பெருநாளுக்குப் புதுச் சட்டை, தீபாவளிக்குப் பாவாடை என்று மூன்று சமயத்தாரும் வாழும் இம்மாவட்டத்தில் தையலுக்கு வேலையில்லாத மாதம் எது?

இனி நிலையான வேலைக்கு வருவோம். அதற்கு நாம் தொலைதூரம் போகவேண்டியதில்லை. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடி ஏறத்தாழ 30 கிலோமீற்றர். 1914 முதல் 1964 ஆம் ஆண்டுப் புயல் வரை கப்பல் ஓடிய அந்தக் கடலுக்கு அப்பால் என்ன செய்கிறார்கள்? தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த பிள்ளைகளுக்கு இலவசச் சீருடையைத் துணியாகக் கொடுப்பதில்லை, தைத்தே கொடுக்கிறார்கள். தைப்பவர்கள் யார்? சமூக நலத் துறையின் கீழ் அமைந்த மகளிர் தையற் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்கள். அங்கும் கூலி போதாது, காலந் தாழ்த்திக் கிடைக்கிறது என்ற முறையீடுகள் எழுவதுண்டு. ஆயினும் கொள்கை தெளிவானது: பிள்ளைக்கு உடுப்பு, தாய்க்கு வேலை, அரசாங்கத்தின் ஒரு செலவில் இரண்டு பயன்.

இதை மன்னாரில் ஏன் செய்ய முடியாது? துணி வருகிறது. பாடசாலையிலே பிள்ளைகளின் எண்ணிக்கை இருக்கிறது. மூலையிலே இயந்திரம் இருக்கிறது. வேலையில்லாத கைகள் இருக்கின்றன. இவற்றைச் சேர்த்துக் கட்டும் கயிறு ஒன்றுதான் இல்லை. அந்தக் கயிற்றின் பெயர் கூட்டுறவு. இந்நாட்டில் கூட்டுறவுக்கு முதற் சட்டம் 1911 இல் வந்தது. மூளாயிலே கூட்டுறவால் மருத்துவமனையே நடத்திக் காட்டியவர்கள் நாம். 1987 ஆம் ஆண்டின் பதின்மூன்றாவது திருத்தத்தின்படி கூட்டுறவு மாகாணத்துக்கு உரிய விடயம். 2018 ஒக்டோபரில் வட மாகாண சபையின் ஆயுள் முடிந்தபின் நீண்ட காலம் தேர்தல் நடத்தாமல் இழுத்தடித்தார்கள் என்பது உண்மை. அந்த அநீதியை நாம் என்றும் கண்டிப்போம். ஆனால் சபை இல்லை என்பதற்காகச் சங்கம் இல்லாமல் இருக்கவேண்டும் என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை.

ஆகவே நாம் கோருவது இது. ஒவ்வொரு பிரதேச செயலகப் பிரிவிலும் ஒரு தையற் கூட்டுறவுச் சங்கம் பதிவு செய்யப்பட வேண்டும். இம்மாவட்டப் பிள்ளைகளின் சீருடைத் துணி அச்சங்கத்தின் வழியாகத் தைக்கப்பட்டு, உடுப்பாகவே பிள்ளையின் கையில் சேரவேண்டும். தையற்கூலியை அரசாங்கமே ஏற்கவேண்டும். உடுப்பு ஒன்றுக்கு இவ்வளவு கூலி என்று எழுத்திலே இருக்கவேண்டும். வேலையை ஒப்படைத்த இரு வாரத்துக்குள் கூலி கிடைக்கவேண்டும். கணக்கு எல்லா உறுப்பினரும் பார்க்கத்தக்கதாகத் திறந்திருக்கவேண்டும். வீட்டிலிருந்து கூலிக்கு வேலை செய்வோரையும் மற்றத் தொழிலாளருக்குச் சமமாக நடத்தவேண்டும் என்று சர்வதேசத் தொழில் நிறுவனம் 1996 ஆம் ஆண்டின் 177 ஆம் இலக்கச் சமவாயத்தில் கூறியிருக்கிறது. வீட்டுத் திண்ணையில் செய்த வேலை என்பதால் அது அரை வேலை ஆகாது. வீட்டுப் பெண்தானே என்று கூலியைக் குறைப்பவன், அரசாங்க அதிகாரியானாலும் ஊர்ப் பெரியவரானாலும், சுரண்டுபவனே.

தையலுக்குச் சொன்னது பனையோலைக்கும் பொருந்தும். சீருடைத் துணியாவது சீனாவிலிருந்து வரவேண்டியிருக்கிறது. ஓலை நம் வளவிலேயே இருக்கிறது. மன்னார்த் தீவிலே பனைக்குப் பஞ்சமா? குருத்தோலையை வார்ந்து, உலர்த்தி, பாய் இழைத்து, பெட்டி முடைந்து, கடகத்துக்கு நார் கொண்டு விளிம்பு பொத்திய கைகள் இன்று பிளாஸ்ரிக் வாளியைக் காசு கொடுத்து வாங்குகின்றன. பனை அபிவிருத்திச் சபை 1978 இல் அமைந்தது. கைப்பணிப் பொருள்கள் கண்காட்சிக்கும் வெளிநாட்டுச் சந்தைக்கும் போகின்றன. நன்று. ஆனால் நம் வீட்டிலே நீத்துப்பெட்டியும் சுளகும் இல்லாமல் ஏற்றுமதி பேசுவது பொருந்துமா? கமக்காரப் பெருமக்களே, களத்து மேட்டிலே நெல் அள்ளும் கடகத்தை நீங்கள் வாங்காவிட்டால் வேறெவர் வாங்குவர்? 1927 நவம்பரில் கதர் நிதிக்காக இலங்கைக்கு வந்த காந்தியடிகள் யாழ்ப்பாணத்துக்கும் வந்தார். அவர் வந்து போன செய்தியைப் பெருமையாகப் பேசுகிறோம். அவர் சொல்ல வந்த பொருளை மறந்துவிட்டோம்.

ஊசியும் ஓலையும் பெண்ணை வீட்டுக்குள் கட்டிப்போடும் விலங்குகள் என்று கற்றோர் சிலர் வாதிப்பர். பெண்ணுக்கு மட்டும் கற்பித்தால் அது விலங்காகலாம். எல்லோருக்கும் கற்பித்தால் அது ஆயுதம். வலை பொத்தும் மீனவன் ஊசி பிடிக்கவில்லையா? பாய்மரத்துப் பாயைத் தைத்த தாத்தா ஆண்மகன் இல்லையா? பட்டணத்துத் தையற்கடைகளில் அமர்ந்திருப்போர் பெரும்பாலும் ஆண்களே. கூலி கிடைக்கும் இடத்தில் ஆணின் தொழிலாயிருப்பது, கூலி இல்லாத வீட்டில் பெண்ணின் கடமையாய் மாறுவது எந்த நியாயம்? எனவே பொத்தான் தைக்கவும் கிழிசல் மூட்டவும் காற்சட்டைக் கரை மடிக்கவும் மகனுக்கும் மகளுக்கும் சமமாகக் கற்பியுங்கள். மனைப்பொருளியல் பெண் பிள்ளைகளுக்கே உரிய பாடம் என்ற எண்ணத்தை அதிபர்மார் களையட்டும்.

சட்டத்தரணிகளே, சங்கங்களின் விதிகளை எழுதிக்கொடுங்கள். அதற்குக் கட்டணம் வாங்காதீர்கள். ஆசிரியர்களே, வகுப்பு வாரியாக அளவுகளைத் திரட்டிக்கொடுங்கள். கணக்காளர்களே, மாதம் ஒரு மாலைப் பொழுதைச் சங்கக் கணக்குக்கு ஒதுக்குங்கள். கமக்காரரும் கடற்றொழிலாளரும் தத்தம் சங்கக் கட்டடத்தில் ஓர் அறையைத் திறந்துவிடட்டும். தையல் அறிந்த மூத்த தாய்மார், இளையவர்களுக்குக் கத்தரி பிடிக்கக் கற்பிக்கட்டும். இதற்குக் கொழும்பின் அனுமதி தேவையில்லை.

அரசியல் உரிமையைக் கேட்டுக்கொண்டே இருப்போம். அதில் ஓர் அணுவும் விட்டுக்கொடோம். ஆனால் தன் பிள்ளையின் சட்டைக்கும் பிறர் கையை எதிர்பார்த்திருக்கும் மக்களின் குரலை ஆள்வோர் எளிதில் அலட்சியம் செய்வர். அடுத்த ஆண்டும் துணிப் பொதி வரும். அது மன்னார்ப் பெண்களின் கையால், மன்னார்ச் சங்கத்தின் கூலியோடு, உடுப்பாகிப் பிள்ளைகளின் தோளில் ஏறவேண்டும். அதற்கான முதற் கூட்டத்தை ஒவ்வொரு ஊரும் இந்த மாதமே கூட்டட்டும்.