அளக்கும் கருவி ஆளும் கருவியாகலாமா?



பழைய மீட்டர் விடைபெறுகிறது. தானே கணக்கெடுத்துத் தானே செய்தி அனுப்பும் ஸ்மார்ட் மீட்டர் வருகிறது. 2021-ல் மத்திய அரசு வகுத்த மின்பகிர்மானச் சீரமைப்புத் திட்டத்தின் மதிப்பீடு 3,03,758 கோடி ரூபாய். இலக்கு 25 கோடி மீட்டர்கள். வரவேற்பதா, எதிர்ப்பதா?

விஞ்ஞானத்தைப் பகைப்பவரல்லர் நாம். மின்மாற்றியில் ஒரு மீட்டர், வீடுதோறும் ஒரு மீட்டர். அனுப்பியதையும் சேர்ந்ததையும் ஒப்பிட்டால் இழப்பு எங்கே என்பது புலப்படும். நன்று! ஆனால், நோயைக் காட்டும் கருவியே மருந்தாகிவிடுமோ? மெல்லிய கம்பியில் மிகுந்த மின்னோட்டம் பாய்ந்தால், மின்சாரம் வெப்பமாகி வீணாகும். மீட்டர் அதனை எண்ணும், தடுக்காது. தடுக்கத் தடித்த கம்பி வேண்டும், புதிய மின்மாற்றி வேண்டும். திட்டத்தில் இரண்டுக்கும் இடமுண்டு. மீட்டர் முந்தக் கம்பி பிந்தலாகாது.

மற்றொன்றும் உண்டு. அத்திட்டம் வற்புறுத்துவது முன்பணம் கட்டும் மீட்டரை. பணம் தீர்ந்தால், தொலைவிலிருந்தே இணைப்பைத் துண்டிக்கலாம். கூலி கிட்டாத வாரத்தில் குடிசை இருளவேண்டுமா?

மீட்டரைப் பொருத்தி, ஆண்டுக்கணக்கில் பராமரித்து, அதற்கான தொகையைத் தவணையாகப் பெறும் உரிமையைத் தனியாருக்கு அளிக்கும் முறையைக் கேரளம் 2023-ல் மறுத்தது. தன் மின்வாரியத்தின் வழியே நிறைவேற்ற முடிவு செய்தது. மாற்றுவழி உண்டென்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமோ?

ஆகவே, ஊர்தோறும் உரைப்பீர்! கம்பியும் புதுப்பிக்கப்படட்டும்; கணக்கு பொதுத்துறையிடமே இருக்கட்டும்; ஏழையின் விளக்கு எரியட்டும்!