பாட்டி நரகத்துக்கா போனாங்க?

கேமரன் மலையில் நம்மில் பலர் வீட்டில் ஒரு பாட்டி மாரியம்மனைக் கும்பிட்டபடியே வாழ்ந்து முடித்திருப்பார். கூடை சுமந்து கொழுந்து பறித்தவர், லயத்தில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கஞ்சி வைத்துக் கொடுத்தவர். அவர் படம் மாட்டிய சுவருக்குக் கீழேதான் இப்போது நாம் குடும்ப ஜெபம் செய்கிறோம். இயேசுவை ஏற்காதவர்களுக்கு அக்கினிக் கடல் என்று ஞாயிறு பள்ளியில் கேட்டுவிட்டு வந்த பிள்ளை அந்தப் படத்தைப் பார்க்கிறது. "அப்போ பாட்டி இப்போ எங்கே இருக்காங்க?" என்கிறது. "ஜெப நேரத்தில் என்ன பேச்சு?" என்று அதட்டுகிறோம்.

அந்தக் கேள்வியில் என்ன தப்பு? பதில் தெரியாத இடத்தில்தானே நம் குரல் உயர்கிறது?

பிள்ளை மட்டும் கேட்ட கேள்வி அல்ல அது. 1927-இல் லண்டனில், தான் ஏன் கிறிஸ்தவன் அல்ல என்று விளக்கி தத்துவஞானி பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் ஒரு சொற்பொழிவு ஆற்றினார். நெஞ்சில் உண்மையான இரக்கம் உள்ளவரால் முடிவில்லாத நரக தண்டனையை எப்படி நம்ப முடியும் என்று அவர் கேட்டார். நம் பிள்ளை கேட்டதும் அதுதான். பாட்டியின் படத்தைக் காட்டிக் கேட்டது, அவ்வளவே. ரஸ்ஸல் இன்னொன்றும் சொன்னார். பெரும்பாலோர் வாதங்களை எடைபோட்டுப் பார்த்துக் கடவுளை நம்புவதில்லை, சிறு வயதிலிருந்து சொல்லி வளர்த்ததால் நம்புகிறார்கள் என்றார். அதட்டி உட்கார வைக்கும் ஒவ்வொரு முறையும் அவர் சொன்னதற்கு நாமே சாட்சியாகி விடுகிறோம்.

"இதெல்லாம் யூடியூப் செய்கிற வேலை" என்று ஒரு தாய் அலுத்துக்கொள்கிறார். யூடியூப் வருவதற்கு வெகு காலம் முன்பே, 1880-களில், நாத்திகம் பேசிய சென்னை இலௌகிக சங்கத்தார் 'தத்துவ விவேசினி' என்ற தமிழ் ஏட்டை நடத்தினார்கள். இந்து ஆசாரத்தையும் மிஷனரிமாரின் போதனையையும் ஒரே மூச்சில் கேள்வி கேட்டார்கள். 1929 கடைசியில் பெரியார் மலாயாவுக்கு வந்து, மலைக்குக் கீழே இருக்கிற ஈப்போவில் தமிழர் மாநாட்டில் பேசினார். நம் தாத்தாக்கள் காலத்திலேயே தமிழில் கேட்டாகிவிட்ட கேள்விகளைத்தான் பிள்ளைகள் இப்போது கேட்கிறார்கள். அது ஏன் நமக்குப் புதிய நோய் போலத் தெரிகிறது?

பெர்த்தாம் பள்ளத்தாக்கை யாரும் மறந்திருக்க மாட்டோம். 2013 அக்டோபர் 23 அதிகாலை, கனமழையில் ரிங்லெட் அணை நிரம்பித் தண்ணீரைத் திறந்துவிட, கீழே சேற்று வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தது. உயிர்கள் போயின. அந்தப் பேச்சு வரும்போதெல்லாம் "கர்த்தர் நம்மைக் காத்தார்" என்கிறோம். "செத்தவங்களை ஏன் காக்கலை?" என்று பிள்ளை கேட்டால், "ஆண்டவர் சித்தம்" என்று சொல்லிவிட்டுத் தேநீரை ஊற்றப் போய்விடுகிறோம்.

தீமையைத் தடுக்கக் கடவுளுக்கு மனமில்லையா, பலமில்லையா என்பது எபிக்யூரஸ் பெயரால் வழங்கிவரும் மிகப் பழைய வாதம். அதற்குப் பதில் சொல்ல வேதசாஸ்திரிகளே திணறியிருக்கிறார்கள். நமக்குத் தெரியாததில் வெட்கம் இல்லை. ஆனால் "சித்தம்" என்று சொன்னதோடு இன்னொரு கேள்வியும் செத்துப்போகிறது. காய்கறித் தோட்டத்துக்கும் சாலைக்கும் மலையை மொட்டையடித்தது யார்? அந்த மண் ஆற்றோடு வந்து அணையில் படிந்து, தண்ணீர் தேங்கும் இடத்தைக் குறைத்ததற்கு யார் பொறுப்பு? மதம் சமுதாயத்தின் வாயை அடைக்கிறது என்று நாத்திகர் சொன்னால் நமக்குக் கோபம் வருகிறதே, அவர்கள் சொல்வது இதைத்தான். யோபுவின் கதையை நாம்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தோம்? துன்பத்துக்கு அடுக்கடுக்காக விளக்கம் சொன்ன நண்பர்கள் மேல்தான் அதில் கர்த்தருக்குக் கோபம் வந்தது.

தேர்வு விஷயத்திலும் இதே கதைதான். எஸ்.பி.எம். முடிவு வந்த வாரம் நிறைய ஏ வாங்கிய பிள்ளையைச் சபை முன்னால் நிறுத்திச் சாட்சி சொல்ல வைக்கிறோம். ஆண்டவர் தந்த வெற்றி என்று எல்லாரும் கைதட்டுகிறோம். பின்வரிசையில், கணக்கில் தவறிய பிள்ளையும் கைதட்டுகிறது. அதுவும் ஜெபித்ததுதானே? அதனிடம் நாம் என்ன சொல்கிறோம், விசுவாசம் போதவில்லை என்றா?

பள்ளியிலும் இப்படிக் கேட்கப் பிள்ளைக்கு இடமில்லை. 1970-இல் நாட்டுக்கென வகுத்த ருக்குன் நெகாராவின் முதல் கோட்பாடே இறைவன் மீது நம்பிக்கை. நன்னெறிக் கல்வியும் அங்கிருந்துதான் தொடங்குகிறது. நாத்திகம் அரசமைப்புச் சட்டத்துக்கு எதிரானது என்று 2017-இல் ஒரு துணை அமைச்சர் நாடாளுமன்றத்திலேயே சொன்னார். சந்தேகத்தை வெளியே சொல்ல முடியாத பிள்ளைக்கு வீடு ஒன்றுதான் மிச்சம். அந்தக் கதவையும் நாம் சாத்தலாமா?

நான் ஆராதனையை விடச் சொல்லவில்லை, நானும் போகிறவள்தான். பிள்ளை கேட்கும்போது "எனக்கும் தெரியவில்லை, நீ என்ன நினைக்கிறாய்?" என்று கேட்க நமக்கு வாய் வர வேண்டும். ஐந்தாம் படிவம் முடிந்ததும் இவர்கள் ஈப்போ, கோலாலம்பூர், சிங்கப்பூர் என்று மலையிறங்கிவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை போன் போட்டு, "சர்ச்சுக்குப் போனியா?" என்று கேட்போம். நமக்குப் பயந்து வளர்ந்த பிள்ளை "போனேன்மா" என்றுதான் சொல்லும். அந்தப் பதில் நமக்குப் போதுமா?