கேள்வி கேட்பது குற்றமா?

"பெரியோர் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்" என்று பல வேளைகளில் நாம் வாய் திறவாமல் இருந்துவிடுகிறோம். கணிதமோ, யார் சொன்னாலும் சோதித்துப் பார் என்கிறது.

67 இரண்டுகளை ஒன்றோடொன்று பெருக்கி, 1-ஐக் கழித்தால் 147573952589676412927 என்னும் 21 இலக்க எண் கிடைக்கும். இது பகா எண் என்று பிரான்சு நாட்டுத் துறவியும் அறிஞருமான மெர்சென் 1644-இல் எழுதினார். இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1876-இல், லூக்கா என்பவர் அது பகு எண்ணே என நிறுவினார். ஆயினும் அதன் காரணிகள் கிடைக்கவில்லை.

1903-இல் நியூயார்க்கில் கூடிய அமெரிக்கக் கணிதக் கழகத்தில் பிராங்க் நெல்சன் கோல் அவற்றை வெளியிட்டார். கரும்பலகையில் ஒருபுறம் அந்த எண்ணைக் கணக்கிட்டார். மறுபுறம் 193707721-ஐ 761838257287-ஆல் பெருக்கினார். இரு விடைகளும் ஒன்றாயின. அவர் ஒரு சொல்லும் பேசவில்லை என்பர்.

இதனால் மெர்செனின் பெருமை குன்றியதா? இல்லை. இவ்வகை எண்கள் இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றன. ஆகவே, "ஏன்?" என்று பணிவுடன் கேட்பது அவமரியாதை ஆகாது என்பதே நம் கருத்து. கேள்வி கேட்கும் பெண்ணை "வாயாடி" என்று அடக்காதிருக்கப் பெற்றோரையும் ஆசிரியர்களையும் அன்புடன் வேண்டுகிறோம். மாணவியராகிய நாமும் கேட்பதோடு நில்லாமல், கோலைப் போல விடையைச் செய்து காட்டும் உழைப்புக்கு அஞ்சலாகாது.