செவிலியர் ஊதியம் உயர்ந்தது. பணி நேரம் குறையுமா? எல்லையோரச் சிறு மருத்துவமனைகள் எழுப்பும் கேள்வி

வண்டிப்பெரியார்: கேரளத்தில் தனியார் மருத்துவமனைச் செவிலியர்களுக்குக் குறைந்தபட்ச அடிப்படை ஊதியமாக 20,000 ரூபாயை நிர்ணயித்து, அம்மாநில அரசு 2018 ஏப்ரல் 23 அன்று அறிவிக்கை வெளியிட்டது. நாட்டின் செவிலியர் போராட்ட வரலாற்றில் அது ஒரு திருப்புமுனை. எனினும், இடுக்கி மாவட்டம் பீருமேடு தாலுகாவில் உள்ள வண்டிப்பெரியார் போன்ற தோட்டப் பகுதிகளின் நிலையிலிருந்து பார்த்தால், செவிலியர் பணித்தரம் என்பது ஊதியத்தோடு முடிந்துவிடும் விஷயம் அல்ல என்பது புலப்படும்.

கொல்லம் – தேனி தேசிய நெடுஞ்சாலையில் அமைந்துள்ள வண்டிப்பெரியாரைச் சுற்றிலும் தேயிலைத் தோட்டங்கள். தோட்டத் தொழிலாளர்களில் பெரும் பகுதியினர் தமிழ் பேசுவோர். உயர் சிகிச்சை தேவைப்பட்டால் மேற்கே கோட்டயத்துக்கோ, குமுளி எல்லையைக் கடந்து தேனிக்கோ மலைப்பாதையில் செல்ல வேண்டும். இத்தகைய இடத்தில் இரவு நேரத்தில் நோயாளியை முதலில் பார்ப்பவர் பெரும்பாலும் செவிலியரே. அவர் எத்தனை மணி நேரமாகத் தூங்காமல் பணியில் இருக்கிறார் என்பது நோயாளியின் உயிரோடும் தொடர்புடைய கேள்வி.

போராட்டத்தால் வந்த அறிவிக்கை

கேரளத்தில் 2011-இல் ஐக்கிய செவிலியர் சங்கம் உருவானது. குறைந்த ஊதியம், சான்றிதழ்களைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பாண்டு முறை, நீண்ட பணி நேரம் ஆகியவற்றுக்கு எதிராக அடுத்தடுத்து வேலைநிறுத்தங்கள் நடைபெற்றன. 2018 ஏப்ரல் 24 அன்று சேர்த்தலையிலிருந்து திருவனந்தபுரம் நோக்கி நடைபயணம் தொடங்க இருந்த நிலையில், முந்தைய நாள் இரவு ஊதிய அறிவிக்கை வெளியானதால் அது கைவிடப்பட்டது.

இதற்கு முன்பே, 2016 ஜனவரி 29 அன்று இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடர்ந்த வழக்கில், நிபுணர் குழு அமைத்து ஆராயுமாறு மத்திய அரசுக்கு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருந்தது. அக்குழு மருத்துவமனைகளைப் படுக்கை எண்ணிக்கையின்படி நான்காகப் பிரித்தது. 200 படுக்கைகளுக்கு மேல் உள்ளவை அரசுச் செவிலியருக்கு இணையான ஊதியம் வழங்க வேண்டும். 100 முதல் 200 வரை உள்ளவற்றில் அதைவிட 10 சதவீதத்துக்கு மேலும், 50 முதல் 100 வரை உள்ளவற்றில் 25 சதவீதத்துக்கு மேலும் குறையக்கூடாது. 50-க்கும் குறைவானவற்றில் 20,000 ரூபாய்க்குக் குறையக்கூடாது என்று பரிந்துரைத்தது.

இப்பரிந்துரை மாநிலங்களுக்கான வழிகாட்டுதலே தவிர, நாடு முழுவதையும் கட்டுப்படுத்தும் சட்டம் அல்ல. கேரள அறிவிக்கையும் குமுளிச் சோதனைச் சாவடியோடு முடிந்துவிடுகிறது. எல்லைக்கு இப்பால் தமிழ்நாட்டில் 2015-இல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் அரசு மருத்துவமனைகளில் சேர்ந்த செவிலியர்களே 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் பணியாற்றினர். பணி நிரந்தரம் கோரி 2017 நவம்பரில் சென்னையில் அவர்கள் நடத்திய போராட்டம் மாநிலத்தின் கவனத்தை ஈர்த்தது.

மூன்று பேர் போதாத கணக்கு

ஊதியத்தை ஓர் ஆணையால் உயர்த்திவிடலாம். பணி நேரத்தை அவ்வாறு குறைக்க முடியாது. கூடுதல் ஆட்களை நியமித்தால் மட்டுமே அது குறையும். இதை எளிய கணக்கால் விளக்கலாம்.

ஒரு வார்டில் எந்நேரமும் ஒரு செவிலியர் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். வாரத்துக்கு 168 மணி நேரம். மூன்று செவிலியர் மட்டும் மாறி மாறிப் பணியாற்றினால், ஒவ்வொருவருக்கும் வாரத்துக்கு 56 மணி நேரம் வரும். இந்தியத் தொழிலாளர் சட்டங்கள் பொதுவாக ஏற்கும் வரம்பு 48 மணி நேரம். அந்த வரம்புக்குள் நிற்க நான்கு பேராவது வேண்டும். அவர்களில் ஒருவர் மகப்பேறு விடுப்பிலோ மருத்துவ விடுப்பிலோ சென்றாலும், மீண்டும் மூன்று பேர் என்ற நிலைக்கே வந்துவிடும். நோயாளியுடன் ஆம்புலன்சில் ஒருவர் செல்ல நேர்ந்தால் அன்றிரவு வார்டில் எவரும் இருக்கமாட்டார்.

பொது வார்டுகளில் ஐந்து நோயாளிகளுக்கு ஒரு செவிலியர், தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒருவருக்கு ஒருவர் என்பது இந்திய செவிலியர் கவுன்சிலின் அளவுகோல். அதன்படி 30 நோயாளிகள் உள்ள பொது வார்டுக்கு ஆறு பேர் தேவை. பெரிய மருத்துவமனையில் ஒருவர் வராவிட்டால் பக்கத்து வார்டிலிருந்து மற்றொருவரை அனுப்பலாம். சிறு மருத்துவமனைக்கு அந்த வாய்ப்பு இல்லை.

ஏற்கப்படாத உடன்படிக்கை

சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1977-இல் நிறைவேற்றிய 149-ஆவது உடன்படிக்கை, பணி நேரம், வார ஓய்வு, மகப்பேறு விடுப்பு, சமூகப் பாதுகாப்பு ஆகியவற்றில் பிற தொழிலாளருக்கு நிகரான நிலையேனும் செவிலியருக்கு அளிக்கப்பட வேண்டும் என்கிறது. உடன் வெளியான 157-ஆவது பரிந்துரை, மிகைநேரம் உட்பட ஒரு நாளின் பணி 12 மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்றும், இரு பணிமுறைகளுக்கு இடையே 12 மணி நேர ஓய்வு தேவை என்றும் கூறுகிறது. இந்தியா இந்த உடன்படிக்கையை ஏற்புறுதி செய்யவில்லை.

தோட்டப் பகுதிகளுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. தொழிலாளருக்கு மருத்துவ வசதி அளிக்கும் கடமையை 1951-ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் நிர்வாகங்கள் மீது சுமத்தியது. அச்சட்டத்துக்குப் பதிலாக வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்ததாக மத்திய அரசு அறிவித்தது. அவற்றைச் செயல்படுத்தப் போவதில்லை எனக் கேரள அரசு அப்போது கூறியது. ஒரு தோட்டம் நலிவடைந்தால் அதன் மருந்தகமும் நலிவடையும். அதன் சுமை அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் செவிலியர் மீது விழும்.

உலகில் 2023-ஆம் ஆண்டில் 58 லட்சம் செவிலியர் பற்றாக்குறை இருந்ததாக உலக சுகாதார அமைப்பு மதிப்பிடுகிறது. எனவே, அனுபவம் பெற்ற செவிலியருக்கு வளைகுடாவிலும் ஐரோப்பாவிலும் வாய்ப்புகள் காத்திருக்கின்றன. அவர்களை இங்கேயே தக்கவைக்க ஊதியச் சீட்டைச் சரிபார்த்தால் மட்டும் போதாது. தொழிலாளர் துறை ஆய்வாளர்கள் பணிப் பட்டியலையும் கேட்டுப் பார்க்க வேண்டும். வார்டில் நான்காவது பெயர் இருக்கிறதா என்பதே அங்கு சரிபார்க்க வேண்டிய முதல் தகவல்.