கீழ் வீடு என்றால் இளக்காரமா?

மழைக்காலம் வந்தால் மற்றவர்களுக்கு பஜ்ஜியும் சூடான காபியும் ஞாபகம் வரும். அடுக்குமாடிக் குடியிருப்பில் கீழ் வீட்டில் இருக்கும் எங்களுக்கோ வயிற்றில் புளியைக் கரைக்கும். வாசல் வழியாக வரும் தெருத் தண்ணீரையாவது மணல் மூட்டை போட்டுத் தடுக்கலாம். பாத்ரூம் ஜாலி வழியாகவும், கக்கூஸ் வழியாகவும் கொப்பளித்துக் கொண்டு வருகிற சாக்கடையை எப்படித் தடுப்பது? ஜாலி மேல் ஈரத்துணி போட்டு மணல் பையை வைத்து அழுத்தினாலும், ஓரத்தில் கசிந்து கொண்டேதான் இருக்கும்.

சாக்கடை பள்ளத்தைத் தேடித்தான் வரும், அதைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. மனதுக்குக் கஷ்டமாக இருப்பது மேல் வீட்டுக்காரர்கள் பேசும் பேச்சு. "உங்க வீட்டுக்குள்ள வந்தா நீங்கதானே பார்க்கணும்?" என்று ஒரு அம்மா என் முகத்துக்கு நேராகவே கேட்டார். தோழிகளே, நீங்களே சொல்லுங்கள், இது நியாயமா?

எங்கள் குடியிருப்பில் மொத்தம் எட்டு வீடு. எட்டு வீட்டுக் குளியல் தண்ணீர், துணி துவைத்த தண்ணீர், கழிவறைத் தண்ணீர் எல்லாம் ஒரே குழாயில் இறங்கி, கீழே சேம்பருக்கு வந்து, அங்கிருந்து தெரு பாதாள சாக்கடைக்குப் போகிறது. மழையில் தெரு சாக்கடை நிரம்பி விட்டால் எங்கள் சேம்பர் தண்ணீர் வெளியே போக வழியில்லை. அப்போது மூன்றாவது மாடியில் ஒருவர் ப்ளஷ்ஷை அழுத்தினால், அது எங்கே போகும்? இருப்பதிலேயே தாழ்வாக உள்ள வாய் எங்கள் பாத்ரூம்தான். ஆக, எங்கள் வீட்டுக்குள் வருவதில் எங்கள் வீட்டுக் கழிவு எட்டில் ஒரு பங்குகூட இருக்காது. ஏனென்றால் நாங்கள்தான் பயந்து போய் ஒரு சொட்டுத் தண்ணீர்கூட விடாமல் உட்கார்ந்திருப்போமே!

2024 அக்டோபர் மழையில் இது நடந்தது. மதியம் மின்சாரம் போயிற்று, சாயங்காலம் பாத்ரூம் ஜாலியில் 'களக், களக்' என்று சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைக் கேட்டவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்! அரை மணி நேரத்தில் பாத்ரூம் நிலைப்படியைத் தாண்டிக் கூடத்துக்கு வந்து விட்டது. அரிசி டின், பாய் தலையணை, பிள்ளைகளின் புத்தகம் எல்லாவற்றையும் கட்டில் மேல் ஏற்றினோம். என் வீட்டுக்காரர் மாடி மாடியாக ஏறி, "கொஞ்ச நேரம் தண்ணி விடாதீங்க சார்" என்று கெஞ்சி விட்டு வந்தார். பத்து நிமிஷம் நின்றது. அப்புறம் மறுபடியும் 'களக்'.

எங்கள் வீட்டில் ஒரு மீன் தொட்டி உண்டு. இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். கொளத்தூர் பக்கம் குடியிருந்து கொண்டு வண்ண மீன் வாங்காமல் இருக்க முடியுமா? இங்கே தெருவுக்குத் தெரு மீன் கடைதான், வீட்டு மொட்டை மாடியில் கப்பியும் பைட்டரும் வளர்த்து விற்றுப் பிழைக்கிற பெண்களும் இருக்கிறார்கள். எங்களிடம் இருப்பது நான்கு கோல்டு பிஷ், கொஞ்சம் மோலி. இரும்பு ஸ்டாண்டில் இடுப்பு உயரத்தில் இருப்பதால் சாக்கடை தொட்டிக்குள் போகவில்லை. இருந்தாலும் நான் நடுவில் நடுவில் போய்த் தொட்டியைப் பார்ப்பதைக் கண்டு, உதவிக்கு வந்த எதிர் வீட்டுக்காரர் சிரித்தார். "வீடே நாறுது, இப்ப மீனுதான் முக்கியமாம்மா?"

முக்கியம்தான் என்றேன். நாற்றம் தாங்கவில்லை என்றால் நாம் வெளியே போய் நிற்கலாம். அது எங்கே போகும்? நாம் ஆசைப்பட்டு வாங்கி வந்து கண்ணாடிக்குள் அடைத்தோம். மாடு வைத்திருப்பவர் வெள்ளத்தில் மாட்டை அவிழ்த்து விடாமல் போனால் நாம் என்ன சொல்வோம்? மீன் கத்தாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

மீன் வளர்க்கும் சகோதரிகளுக்கு உதவுமே என்று, அந்த இரண்டு நாளும் நான் செய்ததைச் சொல்கிறேன். இதில் பாதி கடைக்காரத் தம்பி முன்பே சொல்லிக் கொடுத்தது.

சாக்கடையைவிட மீனுக்குப் பெரிய ஆபத்து நாம் கழுவுகிற மருந்துதான். பிளீச்சிங் பவுடர், பினாயில், கொசு மருந்து எதன் நெடியும் தொட்டிக்கு ஆகாது. காற்று மோட்டார் அறையில் இருக்கும் காற்றைத்தானே இழுத்துத் தண்ணீருக்குள் குமிழியாக விடுகிறது? நெடியையும் சேர்த்து உள்ளே தள்ளிவிடும். அதனால் கழுவும் நேரத்தில் மோட்டாரை நிறுத்தி விட்டு, தொட்டியை பிளாஸ்டிக் விரிப்பால் மூடி விட வேண்டும். ஜன்னலைத் திறந்து நெடி போன பிறகுதான் திறக்க வேண்டும். நீளமான டியூப் இருந்தால் மோட்டாரை ஜன்னலுக்கு வெளியே நனையாத இடத்தில் வைத்து ஓட்டலாம். சாக்கடையில் பட்ட கையைத் தொட்டிக்குள் விடவே கூடாது. மீனுக்கென்று வைத்த மக்கை வேறு எதற்கும் எடுக்காதீர்கள்.

மின்சாரம் இல்லாதபோது மீன்கள் மேலே வந்து வாயை வாயைத் திறக்கும். பயப்பட வேண்டாம். ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரையே எடுத்து, காபி ஆற்றுகிற மாதிரி உயரத்திலிருந்து ஊற்றுங்கள். தண்ணீரில் காற்று கலக்கும். நானும் என் மகனும் ராத்திரி முழுக்க மாறி மாறி ஆற்றினோம். பேட்டரியில் ஓடுகிற சின்ன மோட்டார் கடையில் கிடைக்கிறது, மழைக்கு முன்பே ஒன்று வாங்கி வைப்பது நல்லது. தீனி மட்டும் போடாதீர்கள். வளர்ந்த மீன் மூன்று, நான்கு நாள் சாப்பிடாமல் தாராளமாக இருக்கும். தீனி போட்டால்தான் கழிவு சேர்ந்து அமோனியா ஏறி, தண்ணீர் கெட்டு செத்துப் போகும். என் மாமியாருக்குத்தான் மனசு கேட்கவில்லை, "வாயில்லா ஜீவனைப் பட்டினி போடுறியே" என்று இரண்டு நாளும் புலம்பித் தீர்த்தார்.

பில்டர் பல மணி நேரம் ஓடாமல் நின்றால், அதிலிருக்கும் ஸ்பாஞ்சு அழுகின வாடை அடிக்கும். மின்சாரம் வந்ததும் அப்படியே ஓட விடாமல், தொட்டித் தண்ணீர் கொஞ்சம் எடுத்து அதில் அலசிவிட்டுப் போட வேண்டும். குழாய்த் தண்ணீரில் அலசினால், தண்ணீரைச் சுத்தமாக வைக்கிற நல்ல கிருமிகள் குளோரினில் செத்து விடும். மழைக்குப் பிறகு லாரித் தண்ணீரில் குளோரின் தூக்கலாகவே இருக்கும். அதைத் திறந்த பக்கெட்டில் ஒரு நாள் வைத்திருந்தோ, கடையில் விற்கும் குளோரின் நீக்கும் சொட்டு மருந்தை விட்டோதான் தொட்டியில் ஊற்ற வேண்டும். முழுத் தண்ணீரையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். அதுவும் சாக்கடை வடிகிற வரைக்கும் வேண்டாம், தொட்டித் தண்ணீரை எங்கே கொட்டுவீர்கள்? ஒருவேளை சாக்கடையே தொட்டிக்குள் புகுந்து விட்டால், காத்திருக்காமல் மீன்களைச் சுத்தமான பக்கெட்டுக்கு மாற்றி விடுங்கள்.

இன்னொன்று, இது மீன் வளர்க்காதவர்களுக்கும்தான். பிளீச்சிங் பவுடரையும் கக்கூஸ் கழுவும் ஆசிட்டையும் சேர்த்துப் போட்டால் 'பளிச்' என்று ஆகும் என்று சிலர் செய்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். கதவைச் சாத்திக் கொண்டு பாத்ரூமில் கழுவுகிற பெண்ணுக்கு மூச்சே அடைத்து விடும். முதலில் சகதியை வழித்து, சோப்புத் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, அதன் பிறகு பிளீச்சிங் மட்டும் கரைத்துத் தெளித்தால் போதும். அழுக்கின் மேலேயே கொட்டினால் அதற்கு வேகமும் இருக்காது. சம்ப் கீழே இருந்தால் அதிலும் சாக்கடை கசிந்திருக்கும். காலி செய்து கழுவும் வரை அந்தத் தண்ணீரை வாயில் வைக்கக் கூடாது.

சரி, மீனுக்கு வழி இருந்தது. எங்களுக்கு? இரண்டு நாள் கக்கூஸ் இல்லை. ஆண்கள் எங்கேயாவது போய் வந்து விடுவார்கள். நானும், பதினான்கு வயது மகளும், முழங்கால் வலியுள்ள மாமியாரும் என்ன செய்வது? தண்ணீர் குடித்தால் போக வேண்டி வருமே என்று என் மகள் காலையிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடிக்கவில்லை. இதை எழுதும்போதுகூட எனக்குத் தொண்டையை அடைக்கிறது. முதல் மாடி மாமி தானாகவே இறங்கி வந்து, "ஏண்டிம்மா, நான் ஒருத்தி மேலே இருக்கறது கண்ணுக்குத் தெரியலையா? குழந்தையை அனுப்பு" என்று அழைத்துப் போனார். ஆனால் மாமி வீட்டுக் கழிவறையில் ஊற்றினாலும் அது எங்கள் வீட்டுக்குத்தானே வரும்! மாமியும் அதை யோசித்து, பக்கத்துக் குடியிருப்பில் இருக்கும் தன் தங்கை வீட்டுக்கு எங்கள் மூவரையும் கூட்டிப் போனார். அந்தக் குடியிருப்பு மேட்டில் இருக்கிறது. மற்ற ஆறு வீட்டில் ஒருவரும் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

எட்டிப் பார்த்தவர் ஒருவர் உண்டு. அவர் கொண்டு வந்த யோசனை, "ஐநூறு ரூபா கொடுத்தா ஆள் இறங்கி எடுத்துடுவான், நான் வரச் சொல்லட்டுமா?" நான் கூடாது என்று சொன்னேன். மனிதரை சாக்கடைக் குழிக்குள் இறக்கி மலம் அள்ள வைப்பதை 2013-ம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். மூடிக் கிடந்த குழிக்குள் விஷவாயு தாக்கி எத்தனை பேர் போயிருக்கிறார்கள் என்று பேப்பரில் படிக்கிறோமே! அவர்கள் வீட்டிலும் பெண்டாட்டி பிள்ளைகள் காத்திருக்க மாட்டார்களா? "அப்ப நாறிக்கிட்டே இருங்க" என்று சொல்லி விட்டுப் போனார். நாங்கள் புகார் கொடுத்து விட்டு, மறுநாள் மாலை மெஷின் லாரி வரும்வரை நாறிக் கொண்டேதான் இருந்தோம். தாமதம்தான், நாலு முறை போன் செய்ய வேண்டியிருந்தது. ஆனால் வந்த பிறகு முக்கால் மணி நேரத்தில் வேலை முடிந்தது.

அடைப்பில் வந்ததைச் சொன்னால் நம்ப மாட்டீர்கள். நாப்கின், குழந்தைகளுக்குக் கட்டும் டயப்பர், பாத்திரம் தேய்க்கும் கம்பி நார், வடித்த எண்ணெய் உறைந்து கட்டியாகிப் போன உருண்டை. நம் வீட்டில் டயப்பர் கட்டும் வயதில் குழந்தை இல்லை! பெண்களாகிய நாம்தான் இதில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். நாப்கினைப் பேப்பரில் சுற்றிக் குப்பையில் போட இரண்டு நிமிஷம் ஆகுமா? வடை சுட்ட எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாமல் பழைய பேப்பரில் துடைத்துப் போடலாமே. மீன் வளர்ப்பவர்களும் செத்த மீனைக் கழிவறையில் போடுவது, தொட்டிக் கல்லை பாத்ரூமில் கழுவுவது எல்லாம் வேண்டாம். கல் ஒன்றிரண்டு உருண்டு போனாலே குழாய் வளைவில் தங்கிக் கொள்ளும். சலித்துப் போன சக்கர் மீனை ஏரியில் கொண்டு போய் விடுகிறவர்களும் இருக்கிறார்கள். அது அங்கே பெருகி ஏரி மீனுக்கு எமனாகிறது.

தெருவில் ஆண்கள் செய்யும் ஒரு காரியத்தையும் சொல்லியே ஆக வேண்டும். தண்ணீர் தேங்கினால் உடனே கடப்பாரையை எடுத்துக் கொண்டு போய் பாதாள சாக்கடை மூடியைத் திறந்து விடுகிறார்கள். சென்னையில் மழைநீர் வடிகால் வேறு, பாதாள சாக்கடை வேறு. மழைத் தண்ணீரை அதில் விட்டால், சாக்கடை நிரம்பித் திரும்பிக் கொண்டு எங்களைப் போன்றவர்கள் வீட்டுக்குத்தான் வரும். திறந்த குழியில் யாராவது விழுந்தால் அது வேறு பாவம். மொட்டை மாடிக் குழாயைச் சாக்கடையில் இணைத்திருப்பதும் இதே கதைதான். மழைநீர்த் தொட்டி 2003-ல் இருந்தே கட்டாயம். எங்கள் குடியிருப்பிலும் இருக்கிறது, அதன் மேல் பூந்தொட்டி வைத்திருக்கிறார்கள்!

பிளம்பரிடம் விசாரித்தோம். திரும்பி வரும் தண்ணீரைத் தடுக்க ஒரு வழி வால்வு உண்டாம். ஆனால் அதை எல்லா வீட்டுத் தண்ணீரும் சேர்ந்து வெளியே போகும் இடத்தில் மாட்டினால் பயனில்லை. தெருவிலிருந்து வராதே தவிர, மாடியில் விடுகிற தண்ணீர் எங்கள் பாத்ரூமில்தான் பொங்கும். கீழ் வீட்டுக் குழாயைத் தனியாகப் பிரித்து, அதில் வால்வு போட்டு, பிறகுதான் சேம்பரில் சேர்க்க வேண்டும் என்றார். செலவைக் கேட்டதும் கூட்டத்தில் பேச்சு மாறி விட்டது. "கீழ் வீட்டுக்குத்தானே பிரயோஜனம், அவங்களே போட்டுக்கட்டும்." லிப்ட் ரிப்பேருக்கு நாங்களும் சேர்த்துப் பணம் கொடுக்கிறோமே, கீழ் வீட்டில் இருக்கும் நாங்கள் என்றைக்கு லிப்டில் ஏறினோம் என்று நான் கேட்டேன். யாரும் பதில் சொல்லவில்லை. மாமி மட்டும் உரக்கச் சிரித்து விட்டார்.

அதற்கப்புறம் ஒவ்வொருவராகக் கொடுக்க ஆரம்பித்து, இதுவரை எட்டில் ஆறு வீட்டுப் பணம் சேர்ந்திருக்கிறது. "உங்க வீட்டுக்குள்ள வந்தா" என்று கேட்ட அம்மாவும் அதில் ஒருவர். மீதி இரண்டு வீடும் அடுத்த மாதம் என்கிறார்கள். மழைக்கு முன் முடித்து விட வேண்டும் என்று பிளம்பரிடம் முன்பணம் கொடுத்திருக்கிறோம்.

- ஒரு வாசகி, கொளத்தூர், சென்னை.