சாமி வரம் கொடுத்தாலும்... ஐஓஎஸ் 17.4-ன் பூசாரி!

2024 மார்ச் 5-ம் தேதி ஐஃபோன்களுக்கு ஐஓஎஸ் 17.4 வந்தது. 2008-ல் ஆப் ஸ்டோர் திறந்த நாளிலிருந்து ஒரு சாதாரண ஆள் தன் ஐஃபோனில் ஆப் ஏற்ற ஒரே வழி, ஆப்பிளின் கடைதான். 17.4-ல் முதல்முறையாக வேறு கம்பெனிகளின் கடைகளுக்கும் கதவு திறந்தது. அதுவும் ஐரோப்பிய யூனியனின் 27 நாடுகளில் மட்டும்.

ஆப்பிளுக்குத் திடீரென்று தாராள மனசு வந்துவிட்டது என்று யாரும் ஏமாற வேண்டாம். டிஜிட்டல் மார்க்கெட்ஸ் ஆக்ட் என்ற ஐரோப்பியச் சட்டத்துக்குக் கட்டுப்பட ஆப்பிளுக்கு இருந்த கெடு மார்ச் 7. அதற்கு இரண்டு நாள் முன்னால் வந்தது இந்த வெர்ஷன். அவ்வளவுதான் மேட்டர்!

சரி, கதவு திறந்ததா? திறந்தது. ஆனால் வாசலிலேயே ஒரு டோல்கேட்டும் முளைத்தது. அதன் பெயர் கோர் டெக்னாலஜி ஃபீ.

புது விதிகளுக்குக் கையெழுத்துப் போடும் டெவலப்பருக்கு கமிஷன் 30 சதவீதத்திலிருந்து 17 ஆகக் குறையும். சின்ன டெவலப்பருக்கு 15-லிருந்து 10. வெளிக்கடையில் விற்றால் கமிஷனே கிடையாது. கேட்க நல்லாத்தான் இருக்கிறது! ஆனால் ஒரு வருடத்தில் 10 லட்சம் இன்ஸ்டாலைத் தாண்டினால், அதற்கு மேல் ஒவ்வொரு இன்ஸ்டாலுக்கும் 50 யூரோ சென்ட் ஆப்பிளுக்குக் கட்ட வேண்டும். ஆப் இலவசமானாலும் சரி, ஆப்பிளின் கடையையே தொடாமல் வெளிக்கடையில் மட்டும் விற்றாலும் சரி.

இதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு இலவச ஆப், வருடத்துக்கு 20 லட்சம் இன்ஸ்டால். முதல் 10 லட்சத்துக்குக் கட்டணம் இல்லை. மீதி 10 லட்சத்தை 50 சென்ட்டால் பெருக்கினால் 5 லட்சம் யூரோ. மாதத்துக்குச் சுமார் 41,667 யூரோ. வரவுப் பக்கம் பூஜ்யம், செலவுப் பக்கம் 5 லட்சம். பி.காம் முதல் வருடப் பையன்கூட இந்த லாப நஷ்டக் கணக்கைப் பார்த்தால் கடையை மூடச் சொல்லிவிடுவான்.

இன்னொரு கூத்து. போன வருடமே ஆப்பைப் போட்டுக்கொண்ட ஒருவர் இந்த வருடம் அதை அப்டேட் செய்தால், அதுவும் இந்த வருடக் கணக்கில் ஒரு இன்ஸ்டால். அதாவது, பழைய யூசர்களுக்காக ஒரு பிழையைத் திருத்திக் கொடுத்தாலும் பில் வரும்!

வெளிக்கடை நடத்த வருபவர் நிலைமை இன்னும் மோசம். அந்தக் கடையும் ஒரு ஆப்தானே? அதற்கு 10 லட்சம் சலுகை கிடையாது. முதல் இன்ஸ்டாலிலிருந்தே 50 சென்ட். 17.4 அறிவிப்பு வந்தபோது, கடை திறக்க 10 லட்சம் யூரோவுக்கு வங்கியிடமிருந்து லெட்டர் ஆஃப் கிரெடிட்டும் கேட்டார்கள். போட்டிக் கடை திறப்பவன், போட்டியாளனிடமே ஜாமீன் காட்ட வேண்டும்!

ஆப்பிள் தரப்புக்கு இரண்டு பதில்கள் உண்டு. ஒன்று, பாதுகாப்பு. ஆனால் வெளிக்கடையில் வரும் ஆப்களையும் நோட்டரைசேஷன் என்ற பெயரில் ஆப்பிள் சோதித்துத்தான் விடுகிறது. அந்தக் கட்டுப்பாடு அப்படியே இருக்கிறது. 50 சென்ட் கட்டினால் வைரஸ் ஓடிவிடுமா என்ன?

இரண்டாவது பதில், ஒரு சதவீதத்துக்கும் குறைவான டெவலப்பர்கள்தான் இந்தக் கட்டணம் கட்ட வேண்டியிருக்கும் என்பது. இருக்கட்டும். அந்த ஒரு சதவீதம் யார்? கோடிக்கணக்கான மக்கள் தினமும் திறக்கும் ஆப்களை வைத்திருப்பவர்கள். அவர்கள் வராமல் எந்தப் புதுக் கடைக்குக் கூட்டம் வரும்? அவர்களுக்கோ பழைய விதியிலேயே இருந்துவிட்டால் இந்தக் கட்டணம் கிடையாது. வெளியே கால் வைத்தால்தான் மீட்டர் ஓடும். புதுக் கடையைத் தடை செய்ய வேண்டாம், அதற்குச் சரக்கு போகாமல் பார்த்துக்கொண்டால் போதும். இதுதான் கணக்கு.

2024 மார்ச்சில் பிரசல்ஸில் நடந்த கூட்டத்தில் ஆல்ட்ஸ்டோரை உருவாக்கிய ரைலி டெஸ்டட் ஆப்பிள் ஆட்களிடம் நேரடியாகவே கேட்டார். பள்ளியில் படிக்கும்போது அவர் எழுதிய இலவச ஆப் பெரிய ஹிட். இந்த விதி அன்று இருந்திருந்தால் 50 லட்சம் யூரோ கட்டணம் வந்திருக்கும், குடும்பமே திவாலாகியிருக்கும், இதற்கு என்ன பதில் என்றார். மே மாதம் ஆப்பிள் கொஞ்சம் இறங்கியது. வருமானமே இல்லாத டெவலப்பர்களுக்கு விலக்கு, சின்ன டெவலப்பர்களுக்கு மூன்று வருட அவகாசம். ஒரு டெவலப்பர் மைக்கைப் பிடித்துக் கேட்கும் வரை இது யாருக்கும் தோன்றாதா? இந்தச் சலுகையிலும் சூட்சுமம் உண்டு. சம்பாதிக்காதவரை சும்மா விடுவோம், சம்பாதித்து வளர ஆரம்பித்தால் பிடிப்போம் என்பதுதான் அதன் அர்த்தம்.

அடுத்த திருப்பம் 2025-ல். வேறு இடத்தில் விலை குறைவு என்று யூசருக்குச் சொல்ல டெவலப்பரை விடாததற்காக ஏப்ரலில் ஐரோப்பிய கமிஷன் ஆப்பிளுக்கு 50 கோடி யூரோ அபராதம் போட்டது. ஜூனில் ஆப்பிள் புது விலைப்பட்டியல் அறிவித்தது. அதன்படி 50 சென்ட் கட்டணம் போய், டிஜிட்டல் விற்பனையில் 5 சதவீதம் என்ற கோர் டெக்னாலஜி கமிஷன் வரும். 2026 ஜனவரி 1-க்குள் எல்லோரையும் ஒரே முறைக்குக் கொண்டுவரத் திட்டம் என்றும் சொன்னது.

இங்கேதான் குட்டு உடைகிறது. ஒரு இன்ஸ்டாலுக்கு உண்மையிலேயே 50 சென்ட் செலவாகிறது என்றால், அதை எப்படி ஒரே அறிவிப்பில் விற்பனை சதவீதமாக மாற்ற முடிந்தது? அடக்கவிலை பார்த்துப் போட்ட கட்டணமாக இருந்தால் அது அடக்கவிலையோடுதான் ஏறி இறங்கும். இது அபராதத்துக்குப் பிறகு உருமாறியது. அப்படியென்றால் இது செலவுக்கு வாங்கிய காசு இல்லை, வெளியே போகிறவனிடம் வாங்கிய வாசல் வரி.

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டார் என்பது பழமொழி. இங்கே பூசாரி வரத்தைத் தடுக்கவில்லை. தட்டில் எவ்வளவு போட வேண்டும் என்பதை மட்டும் அவரே முடிவு செய்தார். ஐரோப்பாவைப் பார்த்துச் சட்டம் போட நினைக்கும் எந்த நாடும் முதலில் கவனிக்க வேண்டியது அந்தத் தட்டைத்தான். கதவு அதற்கு அப்புறம்.