எல்லை தாண்டும் அமானிதம்

தொழுகை நேரம் பார்க்க ஒரு செயலி. கிப்லாவின் திசை அறியவும் அதே செயலி. 'நீங்கள் இருக்கும் இடத்தை அறிய அனுமதி உண்டா?' என்று கேட்கிறது. ஊர் தெரியாமல் நேரத்தைக் கணக்கிட முடியாது என்பதால் நாமும் அனுமதிக்கிறோம். ஆனால், கொடுத்த தகவல் கொடுத்த இடத்திலேயே நிற்கிறதா?

2020 நவம்பரில் வெளியான செய்தியை நினைத்துப் பாருங்கள். சிங்கப்பூரில் உருவான 'முஸ்லிம் புரோ' செயலி அப்போதே 9 கோடிக்கும் அதிகமான முறை பதிவிறக்கப்பட்டிருந்தது. அதன் பயனாளர்களின் இருப்பிட விவரங்கள் எக்ஸ்-மோடு என்ற அமெரிக்க நிறுவனத்துக்குச் சென்றன. அந்நிறுவனத்திடம் தகவல் வாங்கியவர்களில் அமெரிக்க ராணுவத்தின் ஒப்பந்ததாரர்களும் இருந்தார்கள்!

இது எப்படி நடந்தது? இருப்பிடத்தைத் திரட்டி அனுப்பும் ஆயத்த மென்பொருள் துண்டுகளை எக்ஸ்-மோடு செயலி நிறுவனங்களுக்குக் கொடுத்து வந்தது. செயலி ஒருவருடையது, உள்ளே இருந்த துண்டு இன்னொருவருடையது. ராணுவத்துக்குத் தாங்கள் விற்கவில்லை என்று மறுத்த செயலி நிறுவனம், எக்ஸ்-மோடுடன் உறவை முறித்துக்கொண்டது. மறுமாதமே ஆப்பிளும் கூகுளும் அந்தத் துண்டை நீக்குமாறு செயலி நிறுவனங்களுக்கு உத்தரவிட்டன. 2024 ஜனவரியில் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம், வழிபாட்டுத் தலங்கள் போன்ற இடங்களுக்குச் செல்வோரின் இருப்பிட விவரங்களை விற்க அந்நிறுவனத்துக்குத் தடை விதித்தது. ஆனால் கடல் தாண்டிப் போன தகவலை யார் திருப்பிக் கொண்டுவருவது?

வணிகப் பெருமக்களே! 'இது செயலிக்காரர்கள் பாடு, நமக்கென்ன?' என்று இருந்துவிடாதீர்கள். உங்கள் கடையின் பில் மென்பொருளில் வாடிக்கையாளரின் பெயரும் தொலைபேசி எண்ணும் இருக்கின்றன. அவை எந்த நாட்டுக் கணினியில் சேமிக்கப்படுகின்றன என்று எப்போதாவது கேட்டதுண்டா?

நம் நாட்டில் 2023-இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. 2025 நவம்பரில் அதன் விதிகள் வந்தன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டது. மத்திய அரசு தடுக்கும் நாடுகள் தவிர மற்ற நாடுகளுக்குத் தரவை அனுப்பலாம். ஆனால் உங்களுக்காகத் தரவைக் கையாளும் மென்பொருள் நிறுவனம் தவறினாலும் சட்டத்தின் முன் பொறுப்பாளி நீங்களே! பாதுகாப்பில் கோட்டை விட்டால் அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். அரசோ, தான் விரும்பும் தன் அமைப்புகளுக்கு விலக்களிக்கும் அதிகாரத்தைக் கையில் வைத்திருக்கிறது. இதைத் தட்டிக்கேட்கத்தான் வேண்டும். அதற்காக நம் கடமை குறைந்துவிடாது.

மென்பொருள் எழுதும் இளைஞர்களே! இலவசமாகக் கிடைக்கிறது என்பதற்காக எந்தத் துண்டையும் செருகிவிடாதீர்கள். அது எதைத் திரட்டுகிறது, எங்கே அனுப்புகிறது என்று முதலில் பாருங்கள். ஐரோப்பிய நிறுவனங்களுக்கு வேலை செய்வோருக்கு அங்குள்ள சட்டம் இன்னும் கடுமை. ஐரோப்பியப் பயனாளர்களின் தகவலை முறைப்படி அல்லாமல் அமெரிக்காவுக்கு அனுப்பியதற்காக, 2023 மே மாதம் மெட்டா நிறுவனத்துக்கு அயர்லாந்து ஆணையம் விதித்த அபராதம் 120 கோடி யூரோ!

மென்பொருள் வாங்கும் முன் நான்கு கேள்விகளைக் கேளுங்கள். தகவல் எந்த நாட்டில் இருக்கும்? வேறு யாருக்குப் போகும்? கசிந்தால் எங்களுக்கு உடனே சொல்வீர்களா? ஒப்பந்தம் முடிந்ததும் அழிப்பீர்களா? பதிலை எழுத்தில் வாங்குங்கள். எழுதித் தர மறுப்பவரிடம் வாங்காதீர்கள்.

கல்லாப்பெட்டிச் சாவியை முன்பின் தெரியாதவர் கையில் கொடுக்க மாட்டீர்கள். நம்மை நம்பி வாடிக்கையாளர் தந்த தகவலும் அமானிதமே. அதைக் காக்க அபராதம் வரும் வரை காத்திருக்க வேண்டுமா? சிந்தியுங்கள்!